பூண்டு வைத்த கிண்ணம்

ஆன்மிக வாழ்வில் ஈடுபட்ட பலருக்கும் சில ஆண்டுகள் சென்றபின் ஒரு சோர்வு வருவதுண்டு. காலையில் ஜபம் நடக்கிறது. மாலையில் விளக்கேற்றி வழிபாடும் நடக்கிறது. நல்ல நூல்களையும் வாசிக்கிறோம். ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு முன்பு எந்தச் சொல்லைக் கேட்டுச் சினந்தோமோ, அதே சொல் இன்றும் நம்மைச் சினமூட்டுகிறது. அப்படியானால் இத்தனை நாள் செய்ததன் பயன் என்ன? இந்தக் கேள்வி எழும் வேளையில் எடுத்துப் பார்க்கத் தக்க ஒரு வாழ்க்கை வங்க நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் வாழ்க்கை.

அவரது வரலாற்றை ஒரே நாளில் நிகழ்ந்த அற்புதமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. குடித்துக் கெட்டவர் ஒருவர் குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணரைக் கண்டார், பக்தராக மாறினார் என்று இரண்டு வாக்கியங்களில் கதை முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாழ்க்கையை முழுதாகப் பின்தொடர்பவர்களுக்கு அதில் அப்படி ஒரு நாள் தென்படுவதில்லை. 1884-ஆம் ஆண்டில் தொடங்கி 1912 வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அவருக்கே தெரியாமல் அவருக்குள் நடந்த ஒரு வேலைதான் தென்படுகிறது.

கிரீஷ் 1844 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் பிறந்தார். தந்தை நீலகமல் கோஷ், கணக்கர். தாய் ராய்மணி மகனிடம் கடுமையாகவே நடந்துகொண்டார், கொஞ்சியதில்லை. ஒருமுறை சிறுவனுக்குக் கடும் சுரம் கண்டபோது, தாய் தந்தையிடம் கண்ணீருடன் பேசுவது அவன் காதில் விழுந்தது. மூத்த மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய், தம் பாசமே பிள்ளைகளுக்கு ஆகாமல் போகிறதோ என்று அஞ்சி, இவனையாவது காத்துக்கொள்ள வேண்டி அன்பை வெளியே காட்டாமல் அடக்கி வைத்திருந்தாராம். இல்லை என்று நினைத்த அன்பு அதுநாள் வரை தன்னைச் சூழ்ந்தே இருந்தது என்பதைச் சிறுவன் அன்று அறிந்தான். அந்த அன்பை அனுபவிக்க நெடுங்காலம் கிட்டவில்லை. பதினைந்து வயது நிறைவதற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார் கிரீஷ்.

அதன்பிறகு அவரைத் தட்டிக்கேட்க ஆளில்லை. இளவயதிலேயே திருமணம் நடந்தது. 1862-இல் பள்ளி இறுதித் தேர்வில் தோல்வியுற்றுப் பள்ளியை விட்டார். ஆனால் படிப்பை விடவில்லை. ஆங்கில இலக்கியத்தையும் புராணங்களையும் தாமாகவே கற்றார். பகலில் ஆங்கிலேய வணிக நிறுவனத்தில் கணக்கெழுதுவார், மாலையில் நாடகம், இரவில் மது. 1869-இல் தீனபந்து மித்ரரின் நாடகம் ஒன்றில் நீம்சந்த் என்ற படித்த குடிகாரனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். அந்த வேடத்திற்கு அவர் அதிகம் பயிற்சி எடுத்திருக்க வேண்டியதில்லை என்று நண்பர்கள் கேலி பேசியிருக்கக் கூடும்.

1874-இல் முதல் மனைவி காலமானார். கடவுள் இல்லை என்று வாதிடுவதில் வல்லவராக இருந்த கிரீஷுக்கு அந்த நாட்களில் வாதம் துணை நிற்கவில்லை. பின்னர் மறுமணம் செய்துகொண்ட அவர் காலராவால் தாக்கப்பட்டு, மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், சிவப்புக் கரையிட்ட சேலை உடுத்திய பெண்மணி ஒருவர் தோன்றித் தம் வாயில் பிரசாதம் இட்டதாகக் கண்டு பிழைத்தார். ஆயினும் பிழைத்தெழுந்தவர் பழைய கிரீஷாகவே எழுந்தார். குடியும் கோபமும் அப்படியே இருந்தன. ஒரு சிறிய மாற்றம் மட்டும் நேர்ந்தது: குரு ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் உள்ளே எங்கோ விழுந்துவிட்டது. குருவாக இருக்கத் தகுந்த மனிதர் எவரும் இல்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டே அந்த எண்ணத்தையும் சுமந்தார்.

குருதேவரை அவர் முதன்முதலாகக் கண்டது பாக்பஜாரில் ஓர் அன்பர் இல்லத்தில். அந்தி வேளை, விளக்கு கொண்டுவந்து வைத்தாயிற்று. குருதேவரோ பரவச நிலையில், மாலை ஆகிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எதிரே விளக்கு எரிய, மாலையா என்று கேட்பவரைக் கண்ட கிரீஷ், இது நடிப்பு என்று முடிவுசெய்து கிளம்பிவிட்டார். நடிப்புக் கலையில் தாம் அறியாதது ஒன்றுமில்லை என்பது அவரது எண்ணம்.

அடுத்து, பெரிதும் பேசப்படும் அந்த நாள். 1884 ஆகஸ்டில் ஸ்டார் அரங்கில் கிரீஷ் எழுதிய சைதன்யலீலா அரங்கேறியது. செப்டம்பர் 21-ஆம் நாள் குருதேவர் அதைக் காண வந்தார். முன்னதாக வந்து விசாரித்த அடியவரிடம், அவருக்குச் சீட்டு வேண்டாம், உடன் வருவோர் வாங்க வேண்டும் என்று கணக்காகச் சொன்னார் கிரீஷ். குருதேவர் வந்ததும் இவர் வணங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டு வணங்கினார். இவர் பதிலுக்கு வணங்க, அவர் மறுபடியும் வணங்கினார். இது இரவு முழுவதும் நீளும் என்று கண்ட கிரீஷ், மனத்திற்குள் ஒரு வணக்கம் செலுத்திவிட்டு அவரை மாடி இருக்கைக்கு அழைத்துச் சென்று அமர்த்தினார். பிறகு உடல்நலம் சரியில்லை என்று வீட்டிற்குப் போய்விட்டார். மேடையில் சைதன்யராக நடித்த வினோதினி குருதேவரின் ஆசி பெற்றார். நாடகத்தின் ஆசிரியரோ வீட்டில் இருந்தார். வங்க நாடக வரலாற்றில் பொன்னாள் என்று கொண்டாடப்படும் அன்று கிரீஷின் வாழ்வில் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை.

நடந்ததெல்லாம் பின்னர்தான், அதுவும் கோணல்மாணலாக. போதையில் நள்ளிரவில் தட்சிணேசுவரத்திற்கு வண்டியில் போய் இறங்குவார். குருதேவர் அவரது கைகளைப் பற்றிக்கொண்டு இறைவன் பெயரைப் பாடி ஆடுவார். மற்றொரு நாள் அரங்கிலேயே, குடிமயக்கத்தில், குருதேவர் தமக்கு மகனாகப் பிறக்க வேண்டும் என்று அடம்பிடித்து, அவர் இசையாததால் காது கூசும் சொற்களால் ஏசினார். அடியவர்கள் கொதித்தார்கள். ராமச்சந்திர தத்தர் மட்டும், காளிங்கனுக்கு இறைவன் நஞ்சைத்தானே கொடுத்திருக்கிறான், அவன் வேறு எதைக் கொண்டு வழிபடுவான் என்ற பொருளில் பேசினார். குருதேவர் உடனே வண்டி கொண்டுவரச் செய்து, கிரீஷின் வீட்டிற்கே போனார். மதுவை விட்டுவிடு என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

இந்த நாட்களில் நிகழ்ந்த ஓர் உரையாடலே இக்கட்டுரைக்குத் தலைப்பானது. பூண்டு வைத்திருந்த கிண்ணத்தை எத்தனை முறை கழுவினாலும் வாடை முற்றும் போகாது என்று குருதேவர் கிரீஷைப் பற்றிக் கூறியிருந்தார். கிரீஷுக்கு அது வருத்தம் தந்தது. அந்த வாடை போகவே போகாதா என்று நேரில் கேட்டார். போகும், நெருப்பிலிட்டுச் சூடாக்கினால் வாடை மறைந்து புதுக்கிண்ணமே ஆகிவிடும் என்று விடை வந்தது. இந்த விடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழுவுதல் நம் கண்முன் நடக்கும் வேலை. அழுக்கு ஓடுவதைப் பார்க்கலாம். சூடேறுவதைப் பார்க்க இயலாது. அடுப்பில் வைத்த கிண்ணம் வெகுநேரம் வைத்த மாதிரியே இருக்கும். வாடை எந்த நொடியில் போயிற்று என்று கிண்ணத்திற்கு எப்படித் தெரியும்?

ஒருநாள், தாம் இனி என்ன செய்ய வேண்டும் என்று கிரீஷ் கேட்டார். காலையிலும் மாலையிலும் இறைவனை நினைத்தால் போதும் என்றார் குருதேவர். கிரீஷ் பேசாமல் இருந்தார். நாடக அரங்கின் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தால் என்ன செய்வது? சரி, உணவுக்கு முன்பும் உறங்குவதற்கு முன்பும் நினைத்தால் போதும் என்றார் குருதேவர். அதற்கும் கிரீஷால் உறுதி கூற இயலவில்லை. கட்டுப்பாடு என்ற சொல்லே அவருக்கு மூச்சு முட்டும். இறுதியில், அப்படியானால் உன் பொறுப்பையெல்லாம் என்னிடம் கொடுத்துவிடு என்றார் குருதேவர். கிரீஷ் மகிழ்ச்சியுடன் கொடுத்துவிட்டார்.

தமிழ் நூல்களில் இதை வக்காலத்து என்றும் அதிகாரப் பத்திரம் என்றும் மொழிபெயர்க்கிறோம். வங்கத்தில் அதற்குப் பகல்மா என்று பெயர். எழுத அறியாதவர் சார்பில் வேறொருவர் எழுதுகோல் பிடித்து எழுதிக் கொடுப்பதைக் குறிக்கும் சொல் அது. கலம் என்றால் எழுதுகோல். வங்கத்தின் தலைசிறந்த எழுதுகோல்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர் எழுதத் தெரியாதவர்களின் வரிசையில் போய் நின்றார். மொழிபெயர்ப்பில் இந்தச் சுவை தவறிவிடுகிறது என்பது என் நெடுநாள் குறை.

அன்று கிரீஷுக்கு விடுதலை கிடைத்தது போலிருந்தது. விதியில்லை, நியமமில்லை, உண்ணலாம், உறங்கலாம், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். நாட்கள் செல்லச் செல்லத்தான் தாம் எதில் கையொப்பமிட்டோம் என்பது விளங்கத் தொடங்கியது. ஒருநாள் ஏதோ சிறு காரியம் குறித்துப் பேசுகையில், அதை நான் செய்கிறேன் என்று குருதேவர் முன்னிலையில் சொல்லிவிட்டார். குருதேவர் திருத்தினார். பொறுப்பைக் கொடுத்துவிட்ட பிறகு அப்படிப் பேசுவது எங்ஙனம்? இறைவன் திருவுளமானால் செய்வேன் என்றல்லவா சொல்ல வேண்டும்! கிரீஷ் அதை ஏற்றுக்கொண்டார்.

அவரது மாற்றத்தின் முதல் அடையாளமாக நான் காண்பது இந்த இடத்தைத்தான். குடி நிற்கவில்லை, கோபம் தணியவில்லை, மனத்தின் சீற்றமெல்லாம் இருந்தபடி இருந்தது. ஆனால் வாயில் ஒரு சொல் வரும்போது அதைக் கவனிக்கும் பழக்கம் மெல்லக் குடியேறியது. அகங்காரம் என்பதைத் தத்துவ நூல்கள் எத்தனையோ வகையாக ஆராய்கின்றன. அந்த ஆராய்ச்சியில் சில ஆண்டுகள் நானும் கழித்திருக்கிறேன். கிரீஷின் ஆராய்ச்சி ஒரே ஒரு வினைச்சொல்லில் அடங்கியது. நான் செய்கிறேன் என்பதில் நான் யார், செய்வது யார்? சந்தைக்குப் போவதற்கும் நாடக ஒத்திகைக்குப் போவதற்கும் இடையே அவர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜபத்திற்கும் பூஜைக்கும் ஒரு முடிவு உண்டு, பொறுப்பைக் கொடுத்துவிட்டவனுக்கு முடிவே கிடையாது, ஒவ்வொரு மூச்சிலும் இது அவர் வலிமையால் விடுவதா இந்தப் பாழும் நானால் விடுவதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் சொல்லி வியந்திருக்கிறார். இரண்டு வேளை நினைப்பதற்கு அஞ்சியவர் நாள் முழுதும் நினைப்பவராக ஆகியிருந்தார். எப்பொழுது ஆனார் என்று அவராலும் சொல்ல இயன்றிருக்காது.

1886 ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் மறைந்தார். கிரீஷ் அந்தத் திருமேனியைப் பார்க்கச் செல்லவில்லை. தாம் கண்ணால் காணாததை நம்பவேண்டியதில்லை என்று இருந்துவிட்டார். பதினாறு அணாவையும் மிஞ்சிய நம்பிக்கை என்று குருதேவர் புகழ்ந்த நம்பிக்கை அது. அதற்குரிய சோதனை அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. இரண்டாம் மனைவியும் இறந்தார். தம் உயிரென நேசித்த சின்னஞ்சிறு மகனும், மூன்று வயதளவில் இறந்தான். முதல் மனைவியை இழந்தபோது மதுவிலும் வாதத்திலும் புகலிடம் தேடிய அதே மனிதர் இப்போது வேறு விதமாக நின்றார். அழவில்லை என்று சொல்ல மாட்டேன். அழுவதற்குத் தமக்கு உரிமை உண்டா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட பின் நல்லது மட்டும் நடக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க முடியுமா?

1891-இல் துறவிச் சகோதரர் சுவாமி நிரஞ்ஜனானந்தர் அவரை ஜெயராம்பாடிக்கு, அன்னை ஸ்ரீசாரதாதேவியிடம் அழைத்துச் சென்றார். நோய்ப் படுக்கையில் தமக்குப் பிரசாதம் ஊட்டியவர் இவரே என்று அங்கு கிரீஷ் அறிந்துகொண்டார். அதைவிட என் மனத்தில் நிற்பது அங்கு நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சி. சிற்றூரில் தம் படுக்கை விரிப்பு எப்படி இவ்வளவு வெண்மையாக இருக்கிறது என்று கிரீஷ் வியந்தார். அன்னை அதைக் குளக்கரைக்கு எடுத்துச் சென்று தம் கையாலேயே வெளுக்கிறார் என்பது பிறகு தெரியவந்தது. கல்கத்தா முழுவதும் கைதட்டிய நாடகக்காரர் ஒரு துணி விரிப்பின் முன் கலங்கி நின்றார். எவரோ கண்ணில் படாமல் தமக்காகச் செய்வதைக் காணும் கண் அவருக்கு வந்துவிட்டிருந்தது. சுரத்தில் கிடந்து தாயின் பேச்சைக் கேட்ட சிறுவனுக்கு அந்த நிகழ்ச்சி புதிதாக இருந்திருக்காது.

துறவியாகிவிட வேண்டும் என்று அங்கு அவர் அன்னையிடம் மன்றாடினார். வழக்கறிஞர் போல வாதாடினார் என்றே சொல்ல வேண்டும். அன்னை இசையவில்லை. முன்பு அரங்கத்தை விட்டுவிட விரும்பியபோது குருதேவரும் இசையாமல், அதனால் மக்களுக்கு நன்மை விளைகிறது, தொடர்ந்து செய் என்று பணித்திருந்தார். ஆகவே கிரீஷ் பழைய வீட்டிற்கும் பழைய மேடைக்கும் திரும்பினார். 1893-இல் தாம் மொழிபெயர்த்த மேக்பெத்தை மினர்வா அரங்கில் மேடையேற்றினார். வங்கப் பிரிவினையை ஒட்டிய ஆண்டுகளில் சிராஜுத்தௌலா, மீர் காசிம், சத்ரபதி சிவாஜி ஆகிய நாடகங்களை எழுதினார். பின்னர் இவற்றை ஆங்கில அரசு தடைசெய்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் வாழ்க்கை முன்பு இருந்த இடத்திலேயே நின்றது.

பாக்பஜார் ஏழைகளுக்கு மட்டும் வேறு ஒரு கிரீஷ் தெரிந்திருந்தார். ஹோமியோபதி நூல்களைப் படித்துத் தேர்ந்து, அக்கம்பக்கத்தாருக்குக் கட்டணமின்றி மருந்து கொடுத்துவந்தார். பத்திய உணவுக்கு வழியில்லாதவர்களுக்கு அதற்கும் உதவினார். சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பியபின், பலராம் போஸ் இல்லத்தில் ஒருநாள் சீடர் ஒருவருக்கு ரிக்வேதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அங்கு வந்த கிரீஷ், வேத வேதாந்தங்களை இவ்வளவு படித்தீர்களே, இந்நாட்டில் பசியாலும் நோயாலும் கதறுபவர்களுக்கும் சீரழிக்கப்படும் பெண்களுக்கும் அவற்றில் வழி சொல்லியிருக்கிறதா என்று கேட்டு, துயரக் காட்சிகளை ஒவ்வொன்றாக விவரித்தார். சுவாமிஜி கண்ணீரை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். சீடரிடம், உன் குருவை அவர் கல்விக்காக அல்ல, இந்த உள்ளத்திற்காகவே மதிக்கிறேன் என்று கூறினார் கிரீஷ். சுவாமிஜியின் கருணைக்குச் சான்றாக இதை நாம் எடுத்துக்காட்டுகிறோம். கேட்டவரையும் சற்றுப் பார்க்க வேண்டும். தெருவில் காணும் துன்பத்தை ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருந்த மனிதர், ஒரு காலத்தில் தம் போதையைத் தவிர வேறெதையும் காணாதவர்.

எல்லா வாடையும் போய்விட்டது என்று எழுதினால் அது வரலாறாகாது. ஸ்டார் அரங்கம் எழுவதற்காகத் தம் வாழ்க்கையையே பணயம் வைத்தவர் நடிகை வினோதினி. அரங்கிற்கு அவர் பெயரே சூட்டப்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. 1883-இல் வேறு பெயர் சூட்டப்பட்டது. பல ஆண்டுகளுக்குப்பின் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வினோதினி, ஆசானாகிய கிரீஷிடம் முன்னுரை கேட்டார். அவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் சொல்ல வேண்டிய உண்மைகள் அதில் விடுபட்டுள்ளன என்று வினோதினி வருந்தினார். அதைத் திருத்தி எழுதுமுன் கிரீஷ் காலமாகிவிட்டார். பிற்காலத்தில் ஸ்டார் என்ற பெயருடன் வேறிடத்தில் நிலைத்த அரங்கிற்கு வினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது அந்தக் குறையும் நினைவுக்கு வந்தது.

கடைசி ஆண்டுகளில் ஆஸ்துமா அவரை வாட்டியது. 1911 ஜூலையில் பலிதான் என்ற நாடகத்தில் நடிக்க வேண்டிய இரவு கடும் மழை. வேண்டாம் என்று தடுத்தார்கள். மழையில் நனைந்து வந்தவர்களை ஏமாற்ற அவருக்கு மனமில்லை. வேடத்திற்காக மேலாடையின்றிப் பலமுறை மேடையேறினார். அதுவே அவரது கடைசி நடிப்பு. அதன்பின் உடல் தேறவில்லை.

அவர் நிறைவுசெய்த இறுதி நாடகம் தபோபல். விசுவாமித்திரரின் கதை அது. அரசராக இருந்து, சினத்தாலும் ஆசையாலும் திரும்பத் திரும்பத் தவத்தை இழந்து, மறுபடியும் தொடங்கி, முடிவில் வசிட்டர் வாயால் பிரம்மரிஷி என்று அழைக்கப்பட்டவரின் கதை. அந்த நூலை அவர் சகோதரி நிவேதிதைக்குச் சமர்ப்பித்தார். பாக்பஜாரில் அருகே வாழ்ந்து, அவரது புதுநாடகம் ஒவ்வொன்றையும் ஆவலுடன் வரவேற்றவர் நிவேதிதை. தார்ஜிலிங்கிற்குப் புறப்படும்போது, நோயுற்றிருந்த கிரீஷைத் திரும்பி வந்து காண்பதாகச் சொல்லிச் சென்றவர் அங்கேயே 1911 அக்டோபர் 13-ஆம் நாள் மறைந்தார். நோயாளியாகிய தாம் இன்னும் உயிருடன் இருக்க, வருவதாகச் சொன்ன மகள் வரவில்லையே என்று, எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல அந்தச் சமர்ப்பணத்தில் எழுதினார் கிரீஷ். நான்கு மாதம் நிறையுமுன், 1912 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, பாக்பஜார் வீட்டில் அவரது மூச்சு அடங்கியது.